கோவிலுக்கு ஆர்க்கிட் சட்டி வேண்டாங்க, வீட்டில் ஒரு செடி வளருங்க



நவராத்திரி நெருங்குது. "இந்த வருஷம் அம்மன் மண்டபத்துக்கு நாங்க ஆர்க்கிட் சட்டி வாங்கி வைக்கலாமா?" என்று இப்பவே விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதனால் இதை எழுதுகிறேன். இது நிர்வாகக் குழுவின் கருத்து இல்லை. பூ கட்டுற மேசையிலும், திருவிழா முடிஞ்ச பிறகு பின்கட்டுக் குப்பைத் தொட்டி பக்கத்திலும் நிற்கிற ஒரு தொண்டூழியரின் கருத்து. கோபப்படாமல் படிங்க.

என் கருத்து இதுதான். கடையில் ரிப்பன் கட்டி விற்கிற பெரிய ஆர்க்கிட் சட்டியைக் கோவிலுக்கு வாங்கித் தராதீங்க. அதில் பத்தில் ஒரு பங்கு பணத்துக்கு, உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கிற ஒரு சின்னச் செடியை வீட்டில் வளருங்க. அது பூக்கும்போது ஒரே ஒரு பூ கொண்டு வாங்க. போதும்.

முதலில் அந்தப் பெரிய சட்டிக்குக் கோவிலில் என்ன நடக்குதுன்னு சொல்றேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செடி மாதிரி இருக்கும். மேலே போட்டிருக்கிற பாசியை விலக்கிப் பாருங்க. உள்ளே நாலோ ஆறோ எட்டோ தனித்தனிச் செடிகள், ஒவ்வொன்றும் அதனதன் மெல்லிசு பிளாஸ்டிக் கோப்பையோடு, ஒரு பீங்கான் தொட்டிக்குள் நெருக்கி நிறுத்தப்பட்டிருக்கும். இடைவெளியில் நுரைத்துண்டு அடைத்திருக்கும். தொட்டிக்கு அடியில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. பார்வைக்கு அலங்காரம், செடிக்கு அது கிணறு. ஒரு தொண்டூழியர் காலையில் தண்ணி ஊற்றுவார். அது தெரியாமல் இன்னொருத்தர் சாயங்காலம் ஊற்றுவார். கும்பிட வந்த ஒரு ஆன்ட்டி, பாவம் வாடுதேன்னு கையிலிருக்கிற தீர்த்தத்தையும் ஊற்றுவார். சில பேர் அபிஷேகப் பால் மிச்சத்தைக்கூட ஊற்றிட்டுப் போறாங்க. புண்ணியம்னு நினைச்சுத்தான் செய்றாங்க. ஆனா ரெண்டாவது நாள் எறும்பு, நாலாவது நாள் நாற்றம், பத்து நாளில் வேர் அழுகல்.

பூ வாடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கு, அது நிறையப் பேருக்குத் தெரியாது. பழுக்கிற வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். சரியாக எரியாமல் புகையும் எதிலிருந்தும் அது வரும். ஆர்க்கிட் பூவுக்கு அந்த வாயு ஆகவே ஆகாது. மொட்டு மஞ்சளாகி உதிரும், விரிந்த பூ மெலிந்த தாள் மாதிரி தொங்கிவிடும். சரி, நாம அந்தச் சட்டியை எங்கே வைக்கிறோம்? பஞ்சாமிர்தத்துக்கு வந்த வாழைத்தாருக்குப் பக்கத்தில், சாம்பிராணிக்கும் கற்பூரத் தட்டுக்கும் நடுவில்! கடைக்காரர் "ரெண்டு மாசம் நிற்கும்" என்று சொன்னது பொய் இல்லை. காற்றோட்டமான வரவேற்பறையில் நிற்கும். மண்டபத்தில் நிற்காது.

அப்புறம் என்ன, குப்பைதான். நூறு வெள்ளிக்கு மேல் போட்டு வாங்கின சட்டிகளை வரிசையாக வண்டியில் ஏற்றும்போது மனசு கேட்காது. "வீட்டுக்கு எடுத்துப் போங்க, மறுபடி பூக்கும்" என்று சிலர் எடுத்துப் போவதும் உண்டு. அந்தக் கலப்பினப் பட்டாம்பூச்சி ஆர்க்கிட் பூந்தண்டு விடுவதற்கு, சில வாரம் தொடர்ந்து கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும். குளிரூட்டிய கூடங்களில் அப்படிச் செய்துதான் விற்பனைக்குப் பூக்க வைக்கிறாங்க. நம்ம ஊரில் ராத்திரியிலும் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதனால் வீட்டுக்குப் போன செடி வருஷக்கணக்கில் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். வளர்ப்பவர் "எனக்குக் கைராசி இல்லை" என்று முடிவு கட்டிடுவார். கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க.

"கொடுக்கிறவங்க கொடுக்கிறாங்க, உங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். போன வருஷம் ஒரு அண்ணன் நேராகவே கேட்டார். உபயம் என்பது உபயதாரரின் மனசு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பூஜைக்குப் பயன்படாத, பறிக்கவும் முடியாத, மண்டபத்து மூலையில் படத்துக்கு நிற்கிற ஒரு பொருளை உபயம்னு சொல்றோமே, அது சாமிக்கா, கீழே செருகியிருக்கிற பெயர் அட்டைக்கா? இதைக் கேட்கிற உரிமை அதைத் தூக்கிச் சுமக்கிறவனுக்கு உண்டுன்னு நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி எப்பவும் வரும்: ஆர்க்கிட் சாமிக்கு ஆகுமா? மல்லி, செவ்வரளி, தாமரை, வில்வம், துளசி என்று நம்ம பழைய பட்டியலில் ஆர்க்கிட் இல்லைதான். ஆகமத் தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை, உங்க கோவில் குருக்களைக் கேளுங்க. ஆனால் நடைமுறையைப் பாருங்க. தேக்காவில் தொங்குற ஊதா மாலைகளைப் பார்த்திருப்பீங்க. அது டென்ட்ரோபியம் ஆர்க்கிட், பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருவது. நம்ம கல்யாணத்திலும் உற்சவத்திலும் அது எப்பவோ நுழைஞ்சாச்சு. என் குறை அதுக்கு வாசம் இல்லை என்பதுதான். பெரியவங்க பூவில் பார்க்கிறது என்ன? அன்றைக்கு மலர்ந்ததா, கீழே விழாததா, பூச்சி அரிக்காததா, மணம் உள்ளதா. கப்பலிலும் விமானத்திலும் வந்த பூவைவிட வீட்டு வாசலில் காலையில் பறித்த பூ இந்த நாலிலும் ஜெயிக்கும்.

இன்னொன்று. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம்ம பெரியவங்க சிலர் மரத்தில் ஒட்டி வளர்கிற ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைச்சு ஒதுக்கிடுவாங்க. அது புல்லுருவி இல்லை. மரத்தைப் பிடித்து நிற்கும், அவ்வளவுதான். மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் இலைக்குப்பையிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரின் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம், 1981இல் அறிவித்தாங்க. அதில் 'வாண்டா' என்கிற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து போனது, மரத்தின் மேல் வளர்கிற செடியைக் குறிப்பது. அஸ்ஸாமில் பிஹு பண்டிகைக்குப் பெண்கள் தலையில் சூடுவதும் ஆர்க்கிட்தான், நரிவால் மாதிரி தொங்குகிற கபௌ பூ. ஆக, இது சீனர்கள் பூ, வெள்ளைக்காரன் பூ என்று தள்ளி வைக்க ஒன்றுமில்லை.

சரி, எதை வளர்ப்பது? தேசிய மலரை வளர்க்கலாமேன்னு கேட்காதீங்க. அது ஆள் உயரத்துக்கு மேல் ஏறும், நாள் முழுக்க வெயில் கேட்கும், வீவக வீட்டுக்குச் சரிவராது. புலி ஆர்க்கிட் உலகத்திலேயே பெரிய ஆர்க்கிட், அதைப் பூமலையில் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். நமக்கு வேண்டியது சின்னச் செடி, பெரிய பூ.

நான் முதலில் கை காட்டுவது ஃபெலனாப்சிஸ் பெல்லினா. போர்னியோவின் தாழ்நிலக் காட்டுச் செடி. சரவாக்கில் மலைக்கு மேலே போக வேண்டியதில்லை, ஆற்றோர வெக்கையிலேயே இருக்கும். நம்ம சீதோஷ்ணம்தான் அதுக்குச் சொந்த ஊர் சீதோஷ்ணம், குளிர் கேட்காது. நாலைந்து அகலமான பளபளப்பு இலை, மொத்தச் செடியும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும். பூ 5, 6 சென்டிமீட்டர் இருக்கும். பச்சை கலந்த வெள்ளை, உள்பக்கம் குங்குமப்பூ நிறம் இல்லை, நல்ல கத்தரிப்பூ ஊதா. வாசம்தான் விசேஷம். ரோஜாவில் இருக்கிற ஜெரானியால் என்கிற வாசனைப் பொருள் இதிலும் இருக்கு. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டால் பன்னீர் தெளித்த மாதிரி இருக்கும். இதன் தங்கை மாதிரி ஃபெலனாப்சிஸ் வயலேசியா, நம்ம தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் உள்ளது. பூ இளஞ்சிவப்பு, வாசத்தில் கொஞ்சம் மசாலாக் காரம். ரொம்ப காலம் இரண்டையும் ஒரே இனம் என்றே எழுதி வைத்திருந்தாங்க, 1995இல்தான் தனியாகப் பிரிச்சாங்க.

இந்த இரண்டுக்கும் ஒரு விதி: பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டாதீங்க. பட்டாம்பூச்சிச் சட்டிக்குப் பழகின கை உடனே கத்தரிக்கோலைத் தேடும். பெல்லினா ஒரே தண்டில் ஒன்று ஒன்றாகப் பூக்கும். ஒரு பூ போனால் நுனி கொஞ்சம் நீண்டு அடுத்த மொட்டு வரும். பச்சையாக இருக்கிறவரை அந்தத் தண்டு உயிரோடுதான் இருக்கு.

வெள்ளைப் பூதான் வேணும், சிவனுக்கு வைக்கணும் என்பவர்களுக்கு பாஃபியோபெடிலம் நிவியம். லங்காவித் தீவுகளிலும் தெற்குத் தாய்லாந்திலும் கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் வளர்வது. இலை விரல் நீளம்தான், மேலே பாம்புச்சட்டை மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். அதன் நடுவிலிருந்து ஒரு தண்டு, அதில் பால் வெள்ளையில் ஒரு பூ, ஊதாப் புள்ளி தெளித்த மாதிரி. செடியைப் பார்த்தால் இதிலிருந்தா இவ்வளவு பெரிய பூன்னு தோணும். சுண்ணாம்புப் பாறைச் செடி என்பதால் சட்டியில் கொஞ்சம் சிப்பி ஓட்டுத் தூள் போட்டால் அதுக்குப் பிடிக்கும். அடிக்கடி பூக்காது, பொறுமை வேணும். நல்ல வெயில் விழுகிற பால்கனி இருந்தால் பிரேசில் நாட்டு கேட்லியா வாக்கெரியானா. ஒரு சாண் செடி, அதைவிடச் சற்றே சின்னதாகப் பூ, நல்ல வாசம். ஆனால் வேர் சீக்கிரம் காயணும், ஈரத்தில் நின்றால் போச்சு. அதனால் சட்டியைவிட ஒரு மரத்துண்டில் கட்டித் தொங்கவிடுவது நல்லது.

எதை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிடறேன். கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் அங்கே பூத்துக் குலுங்கும் சிம்பிடியத்தைக் கட்டிக்கொண்டு வராதீங்க. குளிர் இரவு இல்லாமல் அது கீழே பூக்காது. நெருப்புச் சிவப்பில் சின்ன கேட்லியா கொக்சினியா, நியூ கினி மலையின் டென்ட்ரோபியம் கத்பெர்ட்சோனியை, இதெல்லாம் படத்தில் மயக்கும். கட்டைவிரல் செடியில் அத்தனை பெரிய பூ! ஆனால் மேக மலைச் செடிகள். நம்ம வெக்கையில் மெல்ல மெல்லச் செத்துப்போகும். உயிரோடு விளையாட வேண்டாம்.

இப்போ மனசில் உறுத்துகிற விஷயம். மலேசியாவில் சாலையோரத்திலும் சில சந்தைகளிலும், இப்போ கைபேசி விற்பனைப் பக்கங்களிலும், காட்டிலிருந்து பிடுங்கிய ஆர்க்கிட்டை மலிவாக விற்கிறாங்க. சாமிக்குத்தானே, நல்ல காரியம்தானேன்னு நம்ம ஆட்களும் வாங்குறாங்க. ஒரு ஆர்க்கிட் காட்டில் முளைப்பதே பெரிய பாடு. விதை தூசி மாதிரி, உள்ளே சாப்பாடே இருக்காது. குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். இந்த நிவியம் மாதிரிச் செடிகள் சில பாறைகளில் மட்டும் இருப்பவை. ஒரு பருவம் பறித்தால் அந்தப் பாறை மொட்டை. பாஃபியோபெடிலம் இனம் முழுவதும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது புலி, காண்டாமிருகம் இருக்கிற அதே பட்டியலில் இருக்கு. மற்ற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலில். மலேசியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, சிங்கப்பூரிலும் சட்டம் இருக்கு. ஜொகூர் போய்விட்டு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்தால் பாலத்தில் மாட்டுவீங்க, சாமி பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. சிங்கப்பூர்க் காடுகளில் ஒரு காலத்தில் இருந்த ஆர்க்கிட் வகைகளில் பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை. 1995 முதல் பூமலைக்காரர்கள் சிலவற்றை விதையிலிருந்து வளர்த்துச் சாலையோர மரங்களில் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்காங்க. ஒரு பக்கம் ஏற்றுவது, மறுபக்கம் பிடுங்குவதா?

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. காட்டுச் செடியின் இலை கிழிஞ்சு, பூச்சி கடிச்சு, மேலே பாசி படிஞ்சிருக்கும். வேர் அறுந்து அல்லது மரப்பட்டையோடு வரும். சட்டி இருக்காது, இருந்தாலும் நேற்று வைத்த மாதிரி ஆடும். சின்னதும் பெரிசுமாகக் குவியலாகக் கிடக்கும். பண்ணைச் செடி சுத்தமாக, ஒரே அளவில், வேர் சட்டி முழுக்கப் பிடித்து, பெயர்ச் சீட்டோடு இருக்கும். 1922இல் நட்சன் என்கிற அமெரிக்கர் பூஞ்சை இல்லாமலே சர்க்கரைக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்க வழி கண்டுபிடிச்சார். அன்றிலிருந்து காட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. புட்டியில் முளைத்த கன்று பூக்க மூணு நாலு வருஷம் ஆகலாம். பொறுமை இல்லாதவங்க கொஞ்சம் கூடக் கொடுத்துப் பூக்கும் பருவத்துச் செடியை வாங்கிக்கோங்க.

வளர்க்கும் முறை பெரிய வித்தை இல்லை. மண் வேண்டவே வேண்டாம். அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள சட்டி, உடைத்த அடுப்புக்கரி, ரெண்டு செங்கல் துண்டு. காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் பெல்லினாவுக்குப் போதும், மத்தியான வெயில் இலையைச் சுட்டுவிடும். எப்போ தண்ணி ஊற்றுவது என்பதை வேரே சொல்லும். வெள்ளி நிறத்தில் இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கு, விட்டுடுங்க. காலையில் ஊற்றுங்க, இலைக்குருத்தில் தண்ணி நிற்க விடாதீங்க. சட்டியைக் கொஞ்சம் சாய்த்துத் தொங்கவிட்டால் மழைத் தண்ணியும் தானாக வழிஞ்சுடும், காட்டிலும் அது அப்படித்தான் தொங்கும். உரம் புட்டியில் எழுதியிருக்கிற அளவில் கால்வாசி, வாரம் ஒரு தடவை. அரிசி களைந்த தண்ணி, டீத்தூள், பால் எல்லாம் வேண்டாம்!

சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீங்க. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய தண்ணி போதும். சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்தால் பக்தியைப் பார்த்து அபராதத்தைக் குறைக்க மாட்டாங்க, குறைக்கவும் கூடாது. டெங்கிக் காய்ச்சலில் படுத்த குடும்பங்கள் நம்ம கோவிலிலேயே உண்டு. காரிடாரில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விடணும். கம்பியில் தொங்கவிடும்போது கீழே விழாதபடி உள்பக்கமாகக் கட்டுங்க.

பூத்தாச்சு. இப்போ சின்னப் பிள்ளைகளைத் தள்ளி வைங்க, ஏன்னா பூவின் நடுவில் இருக்கிற மஞ்சள் மகரந்தக் கட்டியை நோண்டினால் பூ மகரந்தம் சேர்ந்துவிட்டதுன்னு நினைச்சு ஓரிரு நாளில் வாடிடும். பூஜை அறையில் செடியையே வைக்கணும்னு ஆசைப்பட்டால் பூஜை நேரத்துக்கு மட்டும் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எடுத்துடுங்க. பறிக்காமலே சமர்ப்பிப்பது எனக்குப் பிடித்த முறை, செடியில் அது பல நாள் நிற்கும். கோவிலுக்குத்தான் கொண்டு வரணும்னா காம்போடு நறுக்கி, ஈரத் துணி சுற்றி, சின்ன டப்பாவில் போடுங்க. ஐஸ்பெட்டியில் வைக்காதீங்க, வெப்ப ஊர்ப் பூ கருத்துடும். அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டாதீங்க, காரணம் மேலே சொன்னேன்.

முகர்ந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாதே, வீடு முழுக்க மணக்குற பூவை என்ன செய்யறதுன்னு ஒரு அக்கா கவலையாகக் கேட்டார். காற்று கொண்டு வந்து கொடுப்பதை யார் தடுக்க முடியும்? மூக்கைக் கொண்டுபோய் வைக்காமல் இருந்தால் சரி, அக்கா.

மல்லிகைச் சரம் வாங்குவதை நிறுத்துங்கன்னு நான் சொல்லலை, பூக்கடைக்காரர் என்மேல் கோபப்பட வேண்டாம். சரம் தினமும் வேணும், ஆர்க்கிட் எப்போதாவது. செடி வளர்க்க இடமோ நேரமோ இல்லாதவங்க, இன்னொன்று செய்யலாம். நல்ல மழை கொட்டி ஊர் குளிர்ந்த நாளிலிருந்து ஒன்பது நாள் எண்ணுங்க. அன்றைக்குக் காலை சாலையோர மரங்களை அண்ணாந்து பாருங்க. புறா ஆர்க்கிட் ஊர் முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்திருக்கும், சாயங்காலம் வாடிடும். பறிக்காதீங்க. கையெடுத்துட்டு வேலைக்குப் போங்க.

நவராத்திரிக்கு ஏற்கெனவே சட்டிக்குச் சொல்லி வைத்தவங்க முடிந்தால் அதை ரத்து செய்துவிட்டு, அந்தத் தொகையை அன்னதானத்துக்கோ உதிரிப்பூவுக்கோ மாற்றலாமான்னு அலுவலகத்தில் பேசுங்க. முடியாவிட்டால் கொண்டு வாங்க, வாழைத்தார் இல்லாத பக்கமா நான் இடம் பார்த்து வைக்கிறேன். பீங்கான் தொட்டியை மட்டும் முதல் நாளே பிரிச்சுடுவேன், அதுக்கு இப்பவே மன்னிச்சுக்கோங்க.

உடைத்த கரி ரெண்டு மூட்டை வாங்கி வைத்திருக்கேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பூ கட்டுற மேசைகிட்ட இருப்பேன். வேணுங்கிறவங்க டப்பா எடுத்துட்டு வாங்க. செடி வாடுது, என்ன ஆச்சுன்னு தெரியலைன்னா வேரைப் படம் எடுத்துக் காட்டுங்க, பூவை இல்லை.